சாய்ந்த தூணும் நான் செய்த இரண்டு ஜெபங்களும்

வேலையை இழந்து நம்மூர் பள்ளங்கிக்கு வந்த அன்று எனக்குள் ஜெபம் இல்லை. வெறுப்புதான் இருந்தது. சபையாரே, அதை மறைத்துச் சாட்சி சொல்ல எனக்கு மனமில்லை.

வடக்கே, அதிவேக ரயிலுக்காக ஆற்றின் மேல் உயர்பாலம் கட்டுகிற இடத்தில் நான் சர்வேயர். போன மழைக்காலத்தில் வெள்ளம் வடிந்தபின், நடு ஆற்றில் நின்ற ஒரு தூணை அளந்தேன். ஒரு விரற்கடை சாய்ந்திருந்தது. மூன்று முறை அளந்தும் அதேதான். அதன்மேல் பளு தூக்கும் இயந்திரத்தை ஏற்றக் கூடாது என்று எழுதிக் கொடுத்தேன்.

சூப்பர்வைசர் செல்லப்பாண்டி பழனிக்காரர். நம்மூர் ஆட்கள் பலர் அவருக்குக் கீழேதான் வேலை செய்தார்கள். அத்தனை பேர் முன்னாலும் கத்தினார்.

“ஏலே, தண்ணியப் பாத்து ஒனக்குக் கண்ணு சுத்திருச்சு. இனி இங்க ஒனக்குச் சோலி இல்ல. வெரசா எடத்தக் காலி பண்ணு.”

நம்மூர்க்காரர் எல்லாரும் தங்கள் வேலையைப் பார்க்கத் திரும்பிவிட்டார்கள். என் அக்காள் கணவர் சேவியரும் தலையைக் குனிந்துகொண்டார்.

என்னால் வேலை நின்றுவிடும் என்ற பேச்சு எனக்கு முன்பே ஊர் வந்து சேர்ந்திருந்தது. பூண்டு வயலுக்குப் போனால் எல்லாரும் முகத்தைத் திருப்பினார்கள். அக்காள் நேராகவே கேட்டாள்.

“ஒன் சோலியத்தான் தொலைச்ச. எங்க வயித்துல எதுக்குடா அடிக்கிற?”

கதவைச் சாத்தி முழங்காலில் நின்றேன். “ஆண்டவரே, அந்தத் தூண் விழட்டும். நான் சொன்னது மெய்யென்று தெரியட்டும்.” நான்கு நாள் இதையே கேட்டேன்.

ஐந்தாம் நாள் காலை அக்காள் போனில் பேசுவது காதில் விழுந்தது. மறுநாள் இயந்திரத்தை ஏற்றுகிறார்களாம். முதலில் மேலே ஏறப்போவது மச்சான். பிள்ளைகள் போனைப் பிடுங்கி அப்பாவிடம் மிட்டாய் கேட்டார்கள்.

யாருடைய சாவைக் கேட்டுக்கொண்டிருந்தேன்? செல்லப்பாண்டியைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மச்சான், “நீ சும்மா கெட” என்று வைத்துவிட்டார். மறுபடி முழங்காலில் விழுந்தேன். “நான் பொய்யனாகவே இருந்துவிட்டுப் போகிறேன். அவர்கள் பிழைக்கட்டும். செல்லப்பாண்டியும் பிழைக்கட்டும்.”

மறுநாள் காலை செல்லப்பாண்டியே கூப்பிட்டார்.

“மிஷின ஏத்தச் சொல்ல வாயெடுத்தேன், சொல்லு வரல. வேற ஆள விட்டு அளந்தேன். நீ சொன்னதுக்கு மேலயே சாஞ்சு கெடக்கு. எல்லாரையும் எறக்கிட்டேன். ஒன் மச்சானும் எறங்கிட்டாரு.”

மன்னிப்புக் கேட்கவில்லை. திரும்ப வேலைக்கு வரச் சொன்னார், போனேன். இன்றும் அவர் என்னிடம் சிரித்துப் பேசுவதில்லை. அன்று இறங்கியவர்களில் சிலர் இதோ இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களும் என் முகம் பார்ப்பதில்லை. பரவாயில்லை. உயிரோடு இருக்கிறார்கள். ஆண்டவருக்கு நன்றி.

உங்களைத் துரத்தியவர் யாராவது இருந்தால், அவர் பெயரைச் சொல்லி, அவர் நன்றாக இருக்கட்டும் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். வாய் கசக்கும். எனக்கும் கசந்தது. ஆண்டவர் அந்த ஜெபத்துக்குத்தான் செவி கொடுத்தார்.