துவக்கைத் திறந்து காட்டிய ரஞ்சினி அக்கா

ரஞ்சினி அக்காவின் கணவர் சிவனேசன் அண்ணன் அழைத்தபோது, செவன் ஹில்ஸ் ரயில் நிலையத்துக்கு வெளியே மகளுக்காகக் காரில் காத்திருந்தேன். "தம்பி, அக்கா காலமை போயிட்டா. நோவில்லாமல் போனவ" என்றார். நானும் அக்காவும் போகும் கிளப்பில் இருக்கிறவர்களுக்கு நான்தான் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டு போனை வைத்துவிட்டார். மகள் வந்து ஏறினாள்.

இறுதி நிகழ்வில் பலர் பேசினார்கள். பிளாக்டவுன் பக்கம் அவர் நெடுங்காலம் பேருந்து ஓட்டியதைச் சொன்னார்கள். கோயில் திருவிழாவில் வெயிலில் நின்று மோர் ஊற்றியதைச் சொன்னார்கள். அடக்கமானவர் என்றார்கள். அவர் துப்பாக்கி சுடும் போட்டிகளில் பரிசு வாங்கியவர் என்பதை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. பின்வரிசையில் டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரக் கிழவர்கள் யார் என்று என்னிடமே இரண்டு பேர் விசாரித்தார்கள். அவரை அறிந்த உங்களுக்கு, மண்டபத்தில் சொல்லாமல் விட்ட அந்தப் பாதியை இங்கே எழுதுகிறேன். யாருக்காவது சங்கடமாக இருந்தால் இருக்கட்டும்.

நான் மதுரைக்காரன். எனக்கு அது துப்பாக்கி. யாழ்ப்பாணத்துக்காரரான அவருக்குத் துவக்கு. அவருடைய சொல்லையே எடுத்துக்கொள்கிறேன்.

அலுவலக நண்பர் ஒருவர் என்னை முதன்முதலில் அந்தக் கிளப்புக்கு அழைத்துப் போனார். இயந்திரம் வானில் வீசும் களிமண் தட்டுகளைச் சுட்டு உடைக்கும் விளையாட்டு. இரவல் துவக்கை வாங்கி இரண்டு முறை சுட்டதுமே என் தோள் கன்றிப்போனது. வலியை மறைத்துக்கொண்டு திரும்பியபோது, குட்டையான ஒரு பெண், காதை மூடும் கவசத்தைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தமிழோ?" என்றார். ஆமாம் என்றேன். "இந்தக் கட்டை உங்களுக்கு நீளம். அதுதான் உதைக்குது. வேற வாங்கிக்கொண்டு வாங்கோ" என்றார். தோளில் ஊன்றும் பின்பக்க மரத்தைத்தான் கட்டை என்றார். வேறொன்று வாங்கி வந்தேன். அதை மூடியபடியே தூக்கி வந்ததற்கு அக்காவிடம் திட்டு கிடைத்தது. அந்த வகைத் துவக்கு நடுவில் மடங்கித் திறப்பது. சுடும் இடத்துக்கு வெளியே அதைத் திறந்தபடிதான் தூக்கிச் செல்ல வேண்டும். குழல் வெறுமையாக இருப்பது எதிரே வருகிற எல்லோருக்கும் தெரியும்.

துவக்குகள் பற்றி அவருக்கு உறுதியான கருத்துகள் இருந்தன. முதல் துவக்கு வாங்கப் போனபோது, கடைக்காரர் பெண்களுக்கானது என்று சொல்லி, பூ வேலை செய்த மெல்லிய ஒன்றை எடுத்துக் கொடுத்தாராம். அக்கா அதைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பாரம் குறைந்த துவக்கு கூடுதலாக உதைக்கும் என்பதை எங்கோ படித்துவிட்டுத்தான் போயிருந்தார். கடையிலேயே பாரமான ஒன்றைக் கேட்டு வாங்கி, கட்டையைத் தன் கைக்கு அளவாக அறுப்பித்துக்கொண்டார். பழைய இத்தாலியத் துவக்கு அது. வெள்ளிப் பூச்சு தேய்ந்திருக்கும். மூடும்போது பெட்டகக் கதவு மாதிரி கனமான ஒரு சத்தம் வரும். என் புதிய துவக்கு அதைவிடப் பல மடங்கு பளபளத்தது. ஒரு நாளும் அதுபோல மூடியதில்லை.

தட்டை வீசச் சொல்லி எல்லோரும் ஆங்கிலத்தில் கத்துவார்கள். அக்கா "விடு" என்பார். ஒரு போட்டியில் வெளியூர்க்காரர் ஒருவர் அதை ஆட்சேபித்தார். எந்தச் சொல்லும் சொல்லலாம் என்று நடுவர் தீர்ப்புச் சொன்னார். அடுத்த தட்டுக்கு அக்கா இன்னும் உரக்க "விடு" என்றார்.

வீட்டில் துவக்கைப் பூட்டி வைத்திருக்கும் இரும்புப் பெட்டகத்தைச் சோதிக்கப் போலீஸ் வந்தால் தேநீர் போட்டுக் கொடுப்பார். சட்டத்தை இன்னும் இறுக்கினாலும் தனக்குச் சம்மதம் என்பார். கிளப்பில் சிலருக்கு அது பிடிக்காது. அவர் கவலைப்பட்டதில்லை.

பிறகு, அக்கா இணையத்தில் போட்ட அந்தப் படம் வந்தது. மாநிலப் போட்டியில் வென்ற பதக்கத்துடன், திறந்த துவக்கைக் கையில் மடித்துப் பிடித்தபடி அவர் நின்ற படம். அப்போது அவர் எங்கள் வார இறுதித் தமிழ்ப் பள்ளியின் நிர்வாகக் குழுவில் இருந்தார். பெற்றோர் சிலர் கொதித்தார்கள். படத்தை நீக்க வேண்டும், இல்லையென்றால் குழுவிலிருந்து விலக வேண்டும் என்று கூட்டம் கூட்டினார்கள். அவர்கள் கோபத்தை நான் கேலி செய்யவில்லை. அங்கே இருந்த பலர் துவக்குச் சத்தத்தில் வளர்ந்தவர்கள். வயதான மருத்துவர் ஒருவர் எழுந்து, "நாங்கள் எதுக்குத் தப்பி வந்தனாங்கள் எண்டதை மறந்து போனீங்களோ?" என்று கேட்டார்.

அக்கா நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார்.

"மறக்கேல்லை, டொக்டர். எங்கட வீட்டுக்குத் துவக்கோட வந்து அண்ணையைக் கூட்டிக்கொண்டு போனவை ஆரெண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது. ஒருத்தரும் துவக்கைத் திறந்து காட்டிப்போட்டுக் கதைக்கேல்லை. பட்டாசு வெடிச்சாலே நிலத்தில படுக்கிற ஆளாத்தான் இந்த நாட்டுக்கு வந்தனான். இப்ப நான் சொன்னாத்தான் வெடிக்கும். அது எனக்கு வேணும்."

தலைவர் தணிந்த குரலில், பிரச்சினையை வளர்க்காமல் அவரே விலகிவிடலாமே என்றார்.

"நான் விலகமாட்டன். விலத்துறதெண்டா நீங்கள் விலத்துங்கோ."

விலக்கினார்கள். எதிர்த்துக் கை தூக்கியவர்கள் என்னையும் சேர்த்துச் சிலர்தான். அக்கா மேசையில் இருந்த தன் கைப்பையை எடுத்துக்கொண்டு, எல்லோருக்கும் வணக்கம் சொல்லிவிட்டு வெளியேறினார். படம் இருந்த இடத்திலேயே இருந்தது. இரண்டு மாதத்துக்குள் அந்தக் கூட்டத்தில் இருந்த இரண்டு அம்மாக்கள் கிளப்புக்கு வந்து தாங்களும் சுட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார்கள். அதில் ஒருவர் அக்காவை விலக்கக் கை தூக்கியவர். அக்கா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், அவர் கைக்குப் பொருந்தும் கட்டையைத் தேடிக் கொடுத்தார். அடுத்த ஆண்டு பள்ளியில் திரும்ப வரச் சொன்னார்கள். சனிக்கிழமைகளில் போட்டி இருக்கிறது, நேரமில்லை என்று சொல்லிவிட்டார்.

மார்பில் புற்றுநோய் வந்தது அதற்குப் பிறகு. வலப்பக்கம் அறுவை சிகிச்சை. வலது தோளில் இனி உதை வாங்கக் கூடாது என்றார்கள். பல மாதம் கழித்து ஒரு காலையில், தலையில் துணி கட்டிக்கொண்டு கிளப்புக்கு வந்து நின்றார். டாக்டரிடம் கேட்டீர்களா என்றேன்.

"கேட்டனான். வலப்பக்கம் வேண்டாமாம். இடப்பக்கத்தைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை."

கண்ணாடியின் வலது பக்கத்தில், குறிபார்த்துப் பழகிய கண்ணை மறைக்க, ஒட்டுத்தாள் ஒட்டியிருந்தார். துவக்கின் கட்டையை இடது தோளுக்கு ஏற்றபடி மாற்றியிருந்தார். பதக்கங்கள் வாங்கிய பெண், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, தட்டுக்குப் பின் தட்டாகத் தவறவிட்டார். தட்டு எறியும் இடத்துக்கு இன்னும் கிட்ட நின்று சுடலாம் என்று கிளப் செயலாளர் பரிவோடு சொன்னார். வேண்டாம் என்றார் அக்கா. அன்று ஒன்றே ஒன்று உடைந்தது. குளிர்காலம் முடிவதற்குள் என்னை வென்றுவிட்டார். அவர் பங்கெடுத்த கடைசிப் போட்டி இடது தோளில்தான். அதிலும் பரிசு வாங்கினார்.

உரிமம் உள்ளவர் இறந்தால் துவக்கை வீட்டில் வைத்திருக்க முடியாது. சென்ற வாரம் சிவனேசன் அண்ணன் போலீசுக்குத் தெரிவித்துவிட்டு, துவக்கை எடுத்துப்போகக் கடைக்காரர் ஒருவரை வரவழைத்தார். நானும் போயிருந்தேன். அறுத்து வளைத்த அந்தக் கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது இனி யாருக்கும் பொருந்தாதே என்றார் கடைக்காரர். ஒரு நாளும் கிளப்புக்கு வராத, துவக்கைத் தொட்டே பார்க்காத அண்ணன், "ஓம். அது அவவுக்கு மட்டும் செய்தது" என்று தமிழிலேயே பதில் சொன்னார். கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் மொழிபெயர்க்கவில்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒன்று உண்டு. தட்டு தவறிப் போனால் நாங்கள் எல்லோரும் துவக்கைத்தான் பார்ப்போம், ஏதோ அது செய்த குற்றம் போல. காற்று என்போம், தோட்டா சரியில்லை என்போம். அக்கா தவறவிட்ட பிறகும் கண்ணை வானத்திலிருந்து எடுக்கமாட்டார். கைதான் துவக்கைத் திறந்து அடுத்த தோட்டாவைப் போடும். ஒருமுறை நான் காற்றைத் திட்டியபோது, "அது போயிட்டுது தம்பி. வாறதைப் பாருங்கோ" என்றார்.

நேற்றுக் கிளப்புக்குப் போனேன். கண் சரியாகத் தெரியவில்லை. வரிசையாகத் தவறவிட்டேன். ஒரு தடவைகூட நான் துவக்கைப் பார்க்கவில்லை.