சிரித்துக்கொண்டே கேட்ட கேள்வி

கணபதி பகுதியில் இருந்த ஒரு பம்ப் கம்பெனியில் வரைபடங்களைச் சரிபார்க்கும் வேலையில் இருந்தேன். தினமும் காலை மீட்டிங்கில் மேனேஜர் என் தவறை மட்டும் எடுத்து, "ஏனுங்க அம்மணி, காலேஜுக்குப் போனீங்களா, கேன்டீனுக்குப் போனீங்களா?" என்று மரியாதையாகவே கேட்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துவைப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் போன் செய்தார். பெயரைப் பார்த்ததுமே போனைக் கவிழ்த்து வைத்தேன்.

"அந்தாளு உன்னைய மிரட்டுறானா?" என்றார் கணவர்.

"இல்லீங்க, நாந்தான் வேலையில சரியில்லீங்க" என்றேன். மேனேஜர் சொல்லிச் சொல்லி நானே அதை நம்பிவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் மீட்டிங்கில் எழுந்தேன். "தப்பிருந்தா தனியாக் கூப்பிட்டுச் சொல்லுங்க சார். எல்லார் முன்னாலயும் கேலி பண்ணாதீங்க."

யாரும் சிரிக்கவில்லை. அதன்பின் அவர் என்னோடு பேசவே இல்லை. பெருந்துறையில் வேறு வேலை தேடிக்கொண்டேன். அங்கே நல்ல மனிதர்கள்தான். ஆனாலும் மாதக்கணக்கில் ஒவ்வொரு மீட்டிங்குக்கு முன்பும் என் வரைபடங்களை மூன்று முறை சரிபார்த்துவிட்டுத்தான் போனேன்.