மாமனுக்குச் செல்ப் எடுத்த நாள்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடு போட்டவன் நான். அப்படியும் போர் போடும் ரிக் வண்டி இரண்டு, லாரி ஏழு, கோழிப்பண்ணை, மாடி வைத்த வீடு எல்லாம் உண்டாக்கினேன். கையெழுத்தைத் தவிர வேறெதுவும் எழுத வராது. பேங்க்காரர்களுக்கு அதுவே போதுமாக இருந்தது. ஆனால் இதற்கெல்லாம் முன்னால், எட்டு வயதிலேயே நான் உண்டாக்கியது ஒன்று உண்டு. என் தாய்மாமன் குடும்பம்.

மாமன் நாமக்கல்லில் லாரி டிரைவர். முப்பது தாண்டியும் பெண் அமையவில்லை. டிரைவர் என்றதுமே காப்பியோடு அனுப்பிவிடுவார்கள். கடைசியாக மேச்சேரியில் ஓர் இடம், புதன்கிழமை பன்னிரண்டு மணிக்கு ராகு காலம், அதற்குள் வந்து பெண் பாருங்கள் என்றது. பெரியவர்கள் பஸ்ஸில் முன்னால் போய்விட்டார்கள். மாமன் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் லோடு இறக்கிவிட்டு லாரியிலேயே வருவதாக ஏற்பாடு, துணைக்கு நான்.

லோடு இறங்கியது, வண்டி கிளம்பவில்லை. கிளப்பிவிடுகிற செல்ப் மோட்டார் செத்துப்போயிருந்தது. தள்ளிப் பார்க்கலாமென்றால் சந்தில் முன்னும் பின்னும் மாட்டு வண்டிகள். மாமன் வெள்ளை வேட்டியோடு அடியில் படுத்து மோட்டாரைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு மெக்கானிக்கைத் தேடி நடந்தார். அவருக்கு எழுத்து தெரியாது. எதிரே இருந்த போர்டை நான்தான் எழுத்துக் கூட்டினேன்.

"செல்ப்... சர்வீஸ். மாமா, செல்ப் சர்வீஸ்!"

"என்ற சாமி! படிச்ச புள்ளயக் கூட்டியாந்தது நல்லதாப் போச்சு."

வாசலில் மேஜை போட்டிருந்தவர் நிமிராமலே, "எத்தன?" என்றார்.

"ஒண்ணுதானுங்க."

"முக்கா ரூவா. டோக்கன ஜன்னல்ல குடுங்க."

செல்ப் பார்க்க முக்கால் ரூபாய்தானா என்று மாமன் வாயைப் பிளந்தார். ஜன்னலுக்குள் அந்த மனிதரின் மகள் நின்றிருந்தாள். மாமன் டோக்கனையும், கிரீஸ் வழியும் மோட்டாரையும் பலகைமேல் வைத்தார். அவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏனுங்க, இதுக்குத் தேங்காப்பால் ஊத்தட்டுங்களா, கோழிக் கொழம்புங்களா?"

"ஆயிலு ஊத்துனாப் போதுமுங்க."

கடையே சிரித்தது. அப்போதுதான் சுற்றிலும் பார்த்தோம். நூல் நூலாகப் பிழிந்த சந்தகையை ஆட்கள் தட்டில் வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். பரிமாற ஆள் கிடையாது. அவரவர் தட்டை அவரவரே ஜன்னலில் வாங்கிக்கொள்ள வேண்டும். அதனால்தான் விலை மலிவாம்.

வாங்கிய டோக்கன் வீணாக வேண்டாமென்று மாமன் ஒரு தட்டு சாப்பிட்டார். பிறகு இன்னொன்று. மூன்றாவதுக்கு எழுந்தபோது நான் அழாத குறை.

"பொண்ணூட்டுல பலகாரம் வெச்சிருப்பாங்க மாமா, போலாம்."

"இரு சாமி, மோட்டாரு சூடா இருக்குது. ஆறட்டும்."

அது காலையிலிருந்தே ஜில்லென்றுதான் இருந்தது. நான்கு தட்டு முடிந்து, வண்டிகள் விலகி, மூட்டைக்காரர்கள் தள்ளிவிட்டு மேச்சேரி போய்ச் சேர்ந்தால் ராகு காலம் பாதி தாண்டிவிட்டது. "லாரியையே நேரத்துக்குக் கெளப்பத் தெரியாதவன் குடும்பத்த எங்கீங்க கெளப்பப் போறான்?" என்று பெண்ணின் அப்பா திண்டில் சாய்ந்தபடியே சொன்னார். லாரியில் திரும்பும் வழியெல்லாம் பெரியவர்கள் திட்டினார்கள். மாமன் மட்டும் விசிலடித்துக்கொண்டு வந்தார்.

அதன்பிறகு சேலம் போகும்போதெல்லாம், புது மோட்டார் போட்ட பிறகும், செவ்வாய்ப்பேட்டையில் வண்டி நின்றுவிடும். மாமனுக்குத் தீராத பசி வியாதி என்றே நினைத்து அம்மாவிடம் சொல்லி அழுதேன். அம்மா கடைக்கே போய் அவர்கள் எந்தக் குலக் கூட்டம் என்று விசாரித்தாள்; வேறு கூட்டம், கட்டும் முறைதான். தை மாதம் கலியாணம். ஜன்னல்காரி என் அத்தையானாள். அந்தப் பசி எதனுடையது என்பது எனக்கு மீசை முளைத்த பிறகுதான் விளங்கியது.

இப்போது அவர்களுக்கு எண்பதாம் கலியாணம் வருகிறது. பத்திரிகையில் 'இறைவன் போட்ட முடிச்சு' என்று அச்சடிக்கிறார்களாம். இறைவனா வந்து போர்டைப் படித்தான்? என் பெயரை முதல் வரியில் கொட்டை எழுத்தில் போட வேண்டும். அன்றைக்கு நான் ஓர் எழுத்தைக்கூடத் தப்பாகப் படிக்கவில்லை.