எட்டு நாள் கேட்காரி

தம்பி பிறந்த ஐந்தாம் நாள் காலையில் அப்பாவின் கணுக்கால் உடைந்தது. உடைந்தது என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. சுளுக்கு என்று அப்பா சொன்னார். வீட்டில் எல்லோரும் சுளுக்கு என்றே பேசிக்கொண்டோம்.

சப்பான்காரன் வருவதற்குப் பல வருஷங்களுக்கு முந்திய கதை. மலாயாவில் செடெனாக்குக்குத் தெற்கே, ரயில் பாதையைத் தோட்டத்து ரோடு குறுக்கே வெட்டிப் போகிற இடத்தில் அப்பா கேட்காரராக இருந்தார். ரோட்டின் இரு பக்கமும் நடுவில் சிவப்பு வட்டம் தீட்டிய மரக்கதவுகள். ஸ்டேஷனிலிருந்து கம்பி வழியாக மணி அடித்தால் இரண்டையும் இழுத்து ரோட்டை மறிக்க வேண்டும். வண்டி போனபின் திறக்க வேண்டும். இதற்காக அப்பாவுக்குச் சம்பளமும், கேட்டை ஒட்டி ஒரு பலகை வீடும் கிடைத்திருந்தன. ஓர் அறை, ஒரு குசினி. அது கேட்டோடு சேர்ந்த வீடு. கேட் யார் கையிலோ வீடும் அவர் கையில். எங்களுக்கு முன்னால் இருந்தவர் உடம்பு முடியாமல் வேலையை விட்டபோது, அவருடைய பானைசட்டிகள் ரோட்டோரம் மாட்டுவண்டிக்காகக் காத்துக்கொண்டிருக்க, எங்கள் பானைசட்டிகள் உள்ளே போனதை நான் பார்த்திருக்கிறேன்.

எனக்கு எட்டு வயது. எனக்குக் கீழே ஐந்து வயதில் ஒரு தம்பி, இரண்டு வயதில் ஒரு தங்கை, அப்புறம் இந்தப் புதுத் தம்பி. சொந்தக்காரர்கள் என்று யாரும் பக்கத்தில் இல்லை. பிரசவம் பார்த்தது பக்கத்து மலாய்க் கிராமத்திலிருந்து வந்த மருத்துவச்சி. அவள் தினமும் காலையில் வந்து அம்மாவுக்கு எண்ணெய் தேய்த்து வயிற்றைக் கட்டிவிட்டுப் போவாள். அவள் வருவதற்குள் வெந்நீர் தயாராக இருக்க வேண்டும்.

அந்த வெந்நீருக்காகத்தான் அப்பா அன்று இரண்டு மண்ணெண்ணெய் டின்களில் தண்ணீர் மொண்டு காவடி போட்டு வந்தார். விடிய விடிய மழை பெய்திருந்தது. கிணற்றுக்கும் வீட்டுக்கும் நடுவே மழைத்தண்ணீர் ஓடும் ஒரு காண். அதன்மேல் கிடந்த பலகையில் அப்பாவின் வலது கால் வழுக்கி, பலகைக்கும் கரைக்கும் இடையில் மாட்டிக்கொண்டது. உடம்பு ஒரு பக்கம் போக, கால் மட்டும் அங்கேயே நின்றது. டின்கள் உருண்டன. அப்பா முதலில் டின்களைத்தான் பார்த்தார்.

"ஓட்டை ஆயிருச்சான்னு பாரு."

ஆகவில்லை என்றேன். கொஞ்ச நேரம் காணிலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு என்னையே மொண்டு தரச் சொல்லி, உட்கார்ந்தபடியே டின்னைத் தூக்கி முன்னால் வைப்பதும், தாமும் நகர்ந்து அதன் பக்கத்தில் போவதுமாகக் குசினிவரை வந்தார். அம்மா அன்று வெந்நீரில் குளித்தாள்.

மருத்துவச்சி அந்தக் காலைப் பார்த்தாள். அதற்குள் அது பப்பாளி போல் வீங்கிக் கறுத்திருந்தது. கட்டைவிரலால் ஓரிடத்தில் அழுத்தினாள். அப்பாவின் தலை பின்னால் போய்ச் சுவரில் இடித்தது.

"அலமாக்! இனி பாத்தா!" என்றாள்.

எனக்கு மலாய் அரைகுறைதான். அவள் எங்கிருந்தோ தமிழ் கற்றுக்கொண்டு, 'இனி பார்த்தால்' என்று ஏதோ சொல்ல வந்து முடிக்கத் தெரியாமல் நிறுத்திவிட்டாள் என்று நினைத்தேன். இது ஒடிந்திருக்கிறது என்பதுதான் அதற்கு அர்த்தம் என்பது பல வருஷம் கழித்துப் புரிந்தது. அப்பாவுக்கு அப்போதே புரிந்தது. அறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, உதட்டில் விரலை வைத்து, "தா பாத்தா, தா பாத்தா", ஒடியவில்லை, ஒடியவில்லை என்று சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அப்பாவும் பிள்ளை பெற்றவள்போல் படுத்திருக்க வேண்டும் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிவிட்டுப் போனாள்.

சாயந்திரம் தண்டவாளம் பார்க்கிற கூட்டத்தின் கங்காணி வந்தார். சுளுக்கு எடுப்பதில் பேர் போனவர். கூட வந்த இரண்டு பேரை அப்பாவின் தோளைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, காலை ஒரு திருகு திருகி இழுத்தார். 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. "வந்துருச்சு பாத்தீங்களா!" என்று மற்றவர்களைப் பார்த்துச் சொன்னார். அப்பா பதில் சொல்லவில்லை. அவருக்கு நினைவு இல்லை என்பதைத் தம்பிதான் முதலில் கவனித்தான். முகத்தில் தண்ணீர் தெளித்ததும் எழுந்து, கங்காணிக்குக் காப்பி போடச் சொன்னார்.

"மேல சொல்லி பதில் ஆளு கேட்டுக்கலாம்லா" என்றார் கங்காணி.

"பதில் ஆளு வந்தா அவனுக்கு வீடு வேணும். பச்ச உடம்புக்காரிய எங்கண்ணே கொண்டுபோயி வைக்கிறது? நாலு நாள்ல சரியாப்போயிரும். யார்கிட்டயும் பேசிக்காதீங்க."

புளியும் உப்பும் கரைத்துக் காய்ச்சிப் பத்துப் போட்டு, பழைய வேட்டியைக் கிழித்து இறுகக் கட்டி, அப்பா தம் குடும்பத்தையும் கேட்டையும் உட்கார்ந்த இடத்திலிருந்தே நடத்த ஆரம்பித்தார்.

குசினி அடுப்பு தரையில் இருந்தது வசதியாகப் போயிற்று. பூண்டை உரித்துக் குழம்பு வைப்பார், கருவாடு சுடுவார், சோற்றை வடிப்பார். எல்லாம் ஒரு காலை நீட்டிக்கொண்டுதான். குழந்தைத் துணிகளைக் கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்து அலசுவார். ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போக, இரண்டு கைகளையும் பின்னால் ஊன்றிப் பின்புறத்தால் நகர்வார். தங்கை அவர் மடியில் ஏறிக்கொண்டு, "வண்டி, வண்டி" என்று கத்துவாள். இறக்கிவிட்டால் அழுவாள், அதனால் அவளையும் சுமந்துகொண்டே நகர்வார். எனக்குத் தலை வாரிப் பின்னியதும் அவர்தான். பின்னல் ஒரு பக்கமாகவே போகும். எதையாவது கேட்டால் உடனே பதில் வராது. முதலில் மூக்கு வழியாகக் கொஞ்சம் காற்று வரும், அப்புறம்தான் வார்த்தை வரும்.

அம்மாவுக்குக் காய்ச்சல். அறையில் கோணித் திரைக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தாள். "என்ன சத்தம் அது, இழுக்கிற மாதிரி?" என்பாள். "உம்மக வண்டி ஓட்டச் சொல்றா" என்பார் அப்பா. அறைக்குள் போக வேண்டுமானால் கதவைப் பிடித்து எழுந்து நின்று, இரண்டு எட்டு நேராக வைத்துப் போய்ச் சோற்றை வைத்துவிட்டு வருவார். வெளியே வந்ததும் அப்படியே சரிவார்.

கேட் என் பொறுப்பாயிற்று. மணி அடித்ததும் ஒரு கதவை இழுத்துப் பூட்டுவேன், பாதையைத் தாண்டி ஓடி மற்றதையும் இழுப்பேன். கதவு கனமானது. முதல் நாள் முழு உடம்பையும் சாய்த்துத் தள்ளினேன். மூன்றாம் நாள் அதன் சூட்சுமம் பிடிபட்டுவிட்டது. அப்பா கேட்டருகே ஒரு பெட்டியில் உட்கார்ந்திருப்பார். வண்டி கண்ணுக்குத் தெரியும்போது கம்பத்தைப் பிடித்து எழுந்து, ஒற்றைக் காலில் நின்று பச்சைக் கொடியைக் காட்டுவார். அந்த ஒரு வேலையை மட்டும் எனக்குத் தரவில்லை. மாட்டுவண்டிக்காரர்கள் என்னைச் சின்னக் கேட்காரி என்று கூப்பிடத் தொடங்கினார்கள். கேட் உண்மையில் என்னுடையதுதான் என்றும், அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்றும் எனக்கு ஓர் எண்ணம் வந்துவிட்டது.

நான்காம் நாள் ரயில்வே இன்ஸ்பெக்டர் தண்டவாளத்தில் தள்ளும் டிராலியில் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளைத் தொப்பி. டிராலிச் சத்தம் கேட்டதுமே அப்பா எழுந்து கம்பத்தோடு ஒட்டி நின்றுவிட்டார். காலில் சுற்றியிருந்த துணியை நீளக் காற்சட்டை மூடியிருந்தது.

"எல்லாம் சரியோ?"

"சரிங்கய்யா."

"மனுசி சுகமோ? பிள்ளை ஆணோ, பெண்ணோ?"

"ஆம்பளப் பிள்ளங்கய்யா."

"நல்லது. கொடியளையும் விளக்கையும் ஒருக்கா காட்டும் பாப்பம்."

வீட்டுச் சுவரில் மாட்டியிருந்தவை அவை. பத்தடி தூரம்தான். அப்பா நகரவில்லை. "பாப்பா, எடுத்தா" என்றார். நான் ஓடிப்போய் எடுத்து வந்தேன். இன்ஸ்பெக்டர் விளக்குக் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார். "உம்மட மகள் உம்மைவிடச் சுறுசுறுப்பு" என்று சொல்லிவிட்டு டிராலியில் ஏறினார். அதுவும் எனக்கு நியாயமாகவே பட்டது. பத்தடி நடக்க அப்பாவுக்கு என்ன? அம்மாவுக்குச் சோறு வைக்கும்போது நடக்கிறாரே. டிராலிச் சத்தம் அடங்கும்வரை கம்பத்தை விடாமல் நின்றவர், பிறகு என்னைக் கூப்பிட்டு என் தோளைப் பிடித்துக் கீழே உட்கார்ந்தார். தோள் நன்றாக வலித்தது. சுளுக்கு இத்தனை நாளாகவா இருக்கும் என்று எனக்கு முதல்முறையாகத் தோன்றியது.

எட்டாம் நாள் மத்தியானம். சிங்கப்பூர் போகும் வண்டிக்கு மணி அடித்துவிட்டது. நான் ஒரு பக்கத்துக் கதவைப் பூட்டிவிட்டு மறுபக்கம் ஓடுவதற்குள், அன்னாசிப் பழம் ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று பாதைமேல் ஏறிவிட்டது. வண்டிக்காரர் தூங்கிவிட்டிருக்க வேண்டும். பூட்டிய கதவைக் கண்டதும் மாடுகள் திரும்ப முயன்றன. ஒரு சக்கரம் தண்டவாளத்துக்கும் பக்கத்துக் கட்டைக்கும் நடுவில் இறங்கி உட்கார்ந்துகொண்டது.

"ஐயோ கேட்காரரே! மாட்டிக்கிச்சு லா!" என்று வண்டிக்காரர் குதித்து இறங்கினார். மாடுகளை அவிழ்த்து விரட்டினார். வண்டி அசையவில்லை. வடக்கே பாதை ஒரு மேட்டைச் சுற்றி வளைந்து வருகிறது. வளைவு திரும்பினால்தான் டிரைவருக்குக் கேட் தெரியும். தெரிந்தபின் நிறுத்த இடம் போதாது. இதை அப்பா எனக்குச் சொல்லியிருந்தார்.

"சிகப்ப எடு!" என்று கத்தினார்.

எடுத்தேன். எனக்கு உடம்பெல்லாம் துடித்தது. பயத்தினால் அல்ல. இத்தனை நாள் கதவு இழுத்தவளுக்குக் கடைசியில் கொடி கிடைத்திருந்தது. தண்டவாளத்துக்கு நடுவே கட்டைமேல் ஒரு காலை வைத்தும்விட்டேன்.

"நா ஓடுறேம்பா!"

அப்பா பெட்டியிலிருந்து எப்போது எழுந்தார் என்று தெரியாது. என் கையைப் பிடித்து ஓர் இழு இழுத்தார். சரளைக் கற்களில் உட்கார்ந்தபடி விழுந்தேன். கொடி அவர் கைக்குப் போய்விட்டது.

"நீ போவாத! தங்கச்சியப் பிடிச்சுக்க!"

அவ்வளவுதான். ஓடினார். நகர்வதோ நொண்டுவதோ இல்லை. எல்லோரையும் போல இரண்டு காலாலும், கொடியைத் தலைக்குமேல் ஆட்டிக்கொண்டு, கட்டைக்குக் கட்டை தாவி ஓடினார். என் அப்பா அவ்வளவு வேகமாக ஓடி நான் அதற்குமுன் பார்த்ததில்லை. வளைவில் மறைந்தார். ஊதல் சத்தம் நீளமாகக் கேட்டது. பிறகு இரும்பு இரும்பை உரசும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை. வண்டிக்காரர் கை கூப்பி நின்றார்.

கொஞ்ச நேரத்தில் எஞ்சின், ஆள் நடக்கிற வேகத்தில், வளைவைத் திரும்பி வந்தது. அதன்மேல், டிரைவருக்குப் பக்கத்தில், அப்பா உட்கார்ந்திருந்தார். எஞ்சினில் ஏற வேண்டும் என்று நானும் தம்பியும் எத்தனை நாள் கேட்டிருக்கிறோம்! கொடியையும் பிடுங்கிக்கொண்டு, எஞ்சினிலும் ஏறி வருகிறார்.

பயணிகள் இறங்கி மாட்டுவண்டியைத் தூக்கித் தள்ளினார்கள். பழங்கள் உருண்டோட, தம்பி மூன்றைப் பொறுக்கிக்கொண்டான். டிரைவரும் கரி அள்ளிப் போடுகிறவரும் அப்பாவை ஆளுக்கொரு பக்கம் தூக்கி இறக்கினார்கள். அவர்களுக்கு அப்பாமேல் அவ்வளவு மரியாதை போல என்று நினைத்தேன். ஜொகூருக்குக் கூட்டிப்போய் ஆஸ்பத்திரியில் விடுகிறோம் என்றார்கள். அப்பா வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அவர் முகம் சாம்பல் பூசியது போல இருந்தது.

"பொம்பள தனியா கெடக்கா. நாளைக்குப் பாத்துக்கலாம். கேட்ட யாரு தொறக்கிறது?"

நான் திறந்தேன்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் வந்து துணியை அவிழ்த்துப் பார்த்ததும், பதில் ஆளுக்குக் கூடாரம் போட்டுக் கொடுத்து எங்களை வீட்டிலேயே இருக்கவிட்டதும், அப்பா ஒன்றரை மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்ததும் பிறகு நடந்தவை. எலும்பு கோணலாகவே கூடிவிட்டது. கடைசிவரை வலது பாதம் வெளிப்பக்கம் திரும்பியே இருந்தது. அதற்குப்பின் அவர் ஓடி யாரும் பார்க்கவில்லை.

ஆனால் அன்று, வண்டி போனபின், அப்பாவைப் பெட்டியருகே விட்டுவிட்டு நான் நேராக அம்மாவிடம் போனேன். அம்மா எழுந்து உட்கார்ந்து, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். வெளியே என்ன கூச்சல் என்று கேட்டாள். எனக்கு அழுகையாக வந்தது.

"அப்பாவுக்குக் கால்ல ஒண்ணுமே இல்லம்மா. இத்தன நாளும் சும்மா நடிச்சிருக்காரு. கதவெல்லாம் என்னையே இழுக்க வச்சிட்டு, இன்னைக்குக் கொடிய பிடுங்கிட்டு ஓடுறாரு."

"ஓடுனாரா?"

"ஆமா. நொண்டவேயில்ல."

"எதுவரைக்கும்?"

"அந்த வளைவு தாண்டி."

 அம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. பாவம், காய்ச்சலில் படுத்திருந்தவளைக்கூட இந்த மனுஷர் விட்டுவைக்காமல் ஏமாற்றியிருக்கிறாரே என்று எனக்கு அப்பாமேல் கோபம் இன்னும் அதிகமாயிற்று.