சாச்சாவின் இடது கால்

யுத்தம் முடிந்த மறு வருடம், மன்னாரில் விட்டுவந்த எங்கள் வீட்டு வளவில் காடு வெட்டிச் சுத்தமாக்கப் போக வேண்டும் என்று வாப்பா முடிவெடுத்தார். அதே வாரம் அவருடைய தம்பிக்கு, என் சாச்சாவுக்கு, இடுப்பு பிடித்துக்கொண்டது. புத்தளத்தில், எங்கள் தில்லையடி வீட்டில் யாரும் அதை நம்பவில்லை. உப்பளத்தில் மூட்டை சுமந்த காலமெல்லாம் வராத வலி, மன்னார் என்றதும் எப்படி வந்தது என்று உம்மா கேட்டார். புத்தளத்தை விட்டுப் போக சாச்சாவுக்கு மனமில்லை என்பது எல்லோரும் அறிந்த கதை.

அவர் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இடுப்பில் ஐந்து முள்ளெலும்புகள். ஒவ்வொன்றுக்கும் நடுவில் மெத்தை மாதிரி ஒரு வட்டு. நாலாவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவிலுள்ள வட்டு பிதுங்கி, காலுக்குப் போகும் நரம்பை நெரிக்கிறதாம். நான் எலும்புகளை எண்ணினேன். ஐந்தும் இருந்தன. வட்டைத்தான் காணவில்லை.

“அது எக்ஸ்ரேயில தெரியாது மகள்,” என்றார்.

என் சந்தேகம் இன்னும் கூடியது.

எனக்கு அப்போது பத்து வயது. வேவு பார்க்கும் வேலையை யாரும் தராமலே எடுத்துக்கொண்டேன். சாச்சா இடது காலை இழுத்து இழுத்து நடந்தார். ஆட்கள் பார்க்கும்போது மட்டும்தானா என்று அலுமாரிக்குப் பின்னால் நின்று கவனித்தேன். ஆளில்லாத நேரத்திலும் இழுத்தார். கெட்டிக்காரர்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் நடுப்பகல் லுஹர் தொழுதுவிட்டு அவர் பாயில் கண்மூடிப் படுத்திருந்தார். விளக்குமாற்றில் ஓர் ஈர்க்கை உருவி அவருடைய இடது பெருவிரலில் குத்தினேன். அசையவில்லை. அழுத்திக் குத்தினேன். அப்போதும் அசையவில்லை.

பகல் சாப்பாட்டில் எல்லோர் முன்னிலும் சொன்னேன்: “சாச்சா நடிக்கிறாரு. ஈர்க்கால குத்தினாலும் அசையாமக் கிடக்கிறாரு.”

வாப்பா சிரித்தார். சாச்சா சிரிக்கவில்லை.

“எந்தக் கால்ல?”

“இடது.”

அவர் கையைக் கழுவிவிட்டு வந்து, கதிரையில் உட்கார்ந்து காலை நீட்டினார். கண்ணை மூடிக்கொண்டு, “குத்துங்க மகள்,” என்றார். குத்தினேன். அவர் காத்துக்கொண்டிருந்தார்.

“குத்துங்களேன்.”

“குத்திட்டன் சாச்சா.”

கண்ணைத் திறந்து விரலைப் பார்த்தார். ஒரு பொட்டு இரத்தம் நின்றது. உம்மா என் கையிலிருந்த ஈர்க்கைப் பிடுங்கினார்.

அன்று பின்னேரமே வாப்பா அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். பிறகு கொழும்பில் ஒபரேசன் நடந்தது. வலி போய்விட்டது, கால் மட்டும் பழையபடி வரவில்லை. மன்னார் வளவை வாப்பா தனியாகவே வெட்டினார்.

குட்டு வெளிப்பட்ட பயத்தில்தான் சாச்சா ஆஸ்பத்திரிக்கு ஓடினார் என்று பள்ளிக்கூடத்தில் கன நாளாகப் பெருமையடித்துத் திரிந்தேன். அவர் பயந்தது உண்மைதான். எதற்குப் பயந்தார் என்பதுதான் எனக்கு அப்போது விளங்கவில்லை.