ஆணி அடிக்க யாரிடம் கேட்க வேண்டும்

“நாங்க போகவா, இருக்கவா? நீ சொல்லும்மா.”

மாமா இதைக் கேட்டது பேராதனைப் பாலத்துக்கு முன்னால், வாகனங்கள் நகராமல் நின்ற ஒரு பின்னேரத்தில். மாமா என்றால் என் கணவரின் அப்பா. முன் இருக்கையில் அவருக்குப் பக்கத்தில் மாமி இருந்தார். பின்னால் என் மடியில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். “வீட்டுக்குப் போய்ப் பேசுவோம் மாமா” என்றுதான் நான் சொன்னேன். வீட்டுக்கு வந்து பல நாள் ஆகிவிட்டது. என்ன பதில் சொல்வது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

மாமா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டியவர். மலைகளில் பறித்து எடை போட்ட கொழுந்தை ஏற்றித் தொழிற்சாலையில் இறக்குவது அவர் வேலை. மாமி அதே தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் ஆயாவாக இருந்தார். அம்மாமார் மலைக்குப் போனதும் அவர்களுடைய பிள்ளைகளைப் பின்னேரம் வரை பார்த்துக்கொள்வார். கலியாணம் முடித்த நாளிலிருந்து தோட்டம் கொடுத்த குவாட்டர்ஸில்தான் இருந்தார்கள். ஓய்வு பெற்றால் அதன் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். என் மகள் பிறந்த வருடம் சாவியைக் கொடுத்துவிட்டு, இரண்டு பெட்டிகளோடும் ஒரு சாமிப் படத்தோடும் கண்டியில் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள்.

கணவருக்குக் கொழும்பில் வேலை. இரண்டு கிழமைக்கு ஒரு தடவை ரயிலில் வருவார். நான் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். காலையில் நான் பஸ்ஸுக்கு ஓடும்போது மகள் மாமியின் இடுப்பில் இருந்து கையசைப்பாள். அவளுக்குச் சோறு ஊட்டுவது, காய்ச்சலென்றால் பக்கத்தில் இருப்பது, எல்லாம் மாமிதான். அவர்கள் இல்லாவிட்டால் நான் வேலையை விட வேண்டும், அல்லது யாரென்று தெரியாத இடத்தில் பிள்ளையை விட வேண்டும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் என்ன யோசித்தாலும் கடைசியில் இது வந்து குறுக்கே நிற்கிறது.

போன பாடசாலை விடுமுறையில் மாமா ஒரு பேச்சை எடுத்தார். “ரிட்டயர் ஆனவங்க எல்லாம் ட்ரிப் போறாங்க. நாமளும் ஒரு சுத்து சுத்திட்டு வருவோம்.” கணவரின் பழைய கார் வீட்டில் சும்மாதான் நின்றது. அவரிடம் போனில் சொன்னபோது சிரித்தார். “அப்பாவுக்கு ஸ்டியரிங் இல்லாம கை அரிக்குது. போய்ட்டு வாங்க.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கிழமை மழை பெய்திருந்தது. எங்கே மண் சரிந்திருக்கிறது என்று போனில் தேடிப் பார்த்தேன். காய்ச்சல் மருந்து, மாற்று உடுப்பு, வாந்திக்குப் பொலித்தீன் பைகள், சுடுதண்ணீர் என்று ஒரு பை நிறைய எடுத்தேன். மாமி அந்தப் பையைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு தோடம்பழத்தைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார். முதல் நாள் அவர்களுடைய பழைய தோட்டத்துப் பக்கமாகப் போனோம். தெல்தெனிய தாண்டி வளைவுகள் தொடங்கியதும் மகளின் முகம் வெளுத்தது. மாமி முன் இருக்கையிலிருந்து திரும்பி, அந்தப் பழத்தின் தோலைக் கிள்ளி அவள் மூக்கருகே பிடித்தார். நான் கொண்டுபோன பையைத் திறக்க வேண்டி வரவில்லை.

கீழே விக்டோரியா நீர்த்தேக்கம் வளைவுக்கு வளைவு தெரிந்து மறைந்தது. மழை கழுவிவிட்ட மலைகள் மிகவும் பக்கத்தில் இருப்பதுபோல இருந்தன. சில இடங்களில் சரிவின் நடுவே சிவப்பு மண் கோடாகக் கிழிந்து கிடந்தது. நான் அதையே பார்த்தேன். மாமா ஒவ்வொரு வளைவிலும் ஹோர்ன் அடித்துத் திரும்பினார்.

“கொழுந்து ஏத்திட்டுப் போற மாதிரி ஓட்டுறாரு,” என்றார் மாமி. “வண்டில மனுசங்க இருக்கோம்.”

“கொழுந்து வாய் பேசாது,” என்றார் மாமா.

“இவருக்கு மலை எந்தப் பக்கம் இருக்குன்னே தெரியாது. இத்தன வருசமும் ரோட்ட மட்டுந்தான் பார்த்திருக்காரு.”

“ரோட்டப் பார்த்ததாலதான் நீ இன்னும் பேசிக்கிட்டிருக்க.”

அவர்களுடைய தோட்டத்துக்குப் பிரியும் பாதை வந்தது. கார் அங்கே திரும்பும் என்று நினைத்து மகளின் தொப்பியைச் சரிசெய்தேன். மாமா வேகத்தைக் குறைக்கவே இல்லை. “பழைய வீட்டப் பார்க்கலையா மாமா?” என்று கேட்டேன். “அங்க என்ன இருக்கு? வேற டிரைவர் இருக்கான்,” என்றார்.

ஹுன்னஸ்கிரிய கடைத்தெருவில் நிறுத்தினோம். ஒரு தேத்தண்ணிக் கடையில் சாயத்தண்ணியும் பணிஸும் வாங்கினோம். மாமா கடைக்காரரோடு சிங்களத்தில் நீண்ட நேரம் பேசினார். பழைய பழக்கம் என்று நினைத்துக்கொண்டேன். மாமி பக்கத்துக் கட்டடத்தின் படியேறி மேலே போனார். கழிவறைக்குப் போகிறார் என்று நினைத்தேன். திரும்பி வரும்போது அவர் கைகள் நனைந்திருந்தன.

“தண்ணி நூல் மாதிரி வருது,” என்று மாமாவிடம் சொன்னார். அதையும் நான் சாதாரணப் பேச்சாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

அப்போது ஒரு இளம் பெண் கைக்குழந்தையோடு வந்தாள். மாமியைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

“ஆயாம்மா, என்னையத் தெரியுதா? என்னையும் என் தம்பியையும் நீங்கதான பார்த்தீங்க.”

“தெரியாம? கடிக்கிற புள்ள நீ. இந்தா, இன்னும் தழும்பு இருக்கு.”

அவள் சிரித்துக்கொண்டே, கேட்காமலே, குழந்தையை மாமியின் கையில் கொடுத்துவிட்டுச் சாமான் வாங்கக் கடைக்குள் போனாள். மாமியின் கை தானாக அந்தக் குழந்தையின் கழுத்துக்குக் கீழே போய்த் தாங்கிக்கொண்டது. அவள் வரும்வரை மாமி குழந்தையைத் தாங்கியபடியே நின்றார்.

திரும்பும் வழியில் மாமி பின் இருக்கைக்கு வந்து என் மகளை மடியில் போட்டுக்கொண்டார். மாமா திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

“என்ன நினைக்கிற?”

“இந்த ஊரு வேணாம். இங்க நான் எப்பவும் ஆயாதான்.”

அவர் கை என் மகளின் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தது. எந்த ஊர், எதற்கு வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

மறுநாள் மாமா கம்பளைக்குப் போகலாம் என்றார். மலை பார்த்தது போதாதா என்று கேட்டேன். “ஆத்தோரமா நல்ல ரோடும்மா,” என்றார். கெலிஓயா பக்கத்தில் பாதையோரம் செடிகள் விற்கும் இடமொன்றில் காரை நிறுத்தச் சொல்லி மாமி ஒரு கறிவேப்பிலைக் கன்றை வாங்கினார். கறுப்புப் பொலித்தீன் பையில் இருந்த அந்தக் கன்றை வழி முழுவதும் காலடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

கம்பளையில் மாமா கடைத்தெருவைத் தாண்டி ஒரு சிறிய பாதையில் திரும்பினார். ஏற்கெனவே போனில் பேசி வைத்திருக்கிறார் என்பது வாசலில் நின்ற பெண்ணைப் பார்த்ததும் தெரிந்தது. தலையை முக்காட்டால் மூடிய, மாமியின் வயதுள்ள ஒரு முஸ்லிம் அம்மா. அவர் வீட்டுக்குப் பின்னால் இரண்டு அறைகளும் ஒரு குசினியும் தனியாக இருந்தன. கதவைத் திறந்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்.

“நீங்களும் இருக்கப் போறீங்களா மகள், இல்லாட்டி உம்மாவும் வாப்பாவும் மட்டுந்தானா?”

நான் மாமியைத் திரும்பிப் பார்த்தேன். மாமிதான் பதில் சொன்னார். “நாங்க ரெண்டு பேருதான்.”

அதன் பிறகுதான் முதல் நாள் நடந்ததெல்லாம் எனக்கு விளங்கியது. கடைக்காரரிடம் மாமா கேட்டது வாடகை வீடு. மாமி படியேறிப் போனது குழாயைத் திறந்து பார்க்க. இங்கேயும் அவர் நேராகக் குசினிக்குப் போய்க் குழாயைத் திறந்தார். தண்ணீர் பீறிட்டு வந்து சேலையில் தெறித்தது. மாமி சிரித்தார். மாமா யன்னலைத் திறந்து வெயில் எந்தப் பக்கம் விழும் என்று பார்த்தார். தூரத்தில் ரயில் போகும் சத்தம் கேட்டது.

மகள் அறைக்கு அறை ஓடினாள். “அப்பாயி, இது யாரு வீடு?” என்று மாமியைக் கேட்டாள்.

“இன்னும் யாரு வீடும் இல்ல.”

பிறகு மாமி வீட்டுக்கார அம்மாவிடம் திரும்பினார். தோட்டத்துத் துரையின் முன்னால் நிற்பதுபோலக் கைகளைக் கட்டிக்கொண்டிருந்தார்.

“சாமிப் படம் ஒண்ணு இருக்கு. செவுத்துல ஆணி அடிக்கணும்னா யார்கிட்ட கேக்கணும்? பின்னாடி ஒரு கன்னு நட்டா ஒண்ணும் சொல்லுவீங்களா?”

அந்த அம்மா ஒரு கணம் விளங்காமல் பார்த்துவிட்டுச் சிரித்தார். “நீங்க இருக்கிற ஊடு. உங்கட ஆணி, உங்கட சுத்தியல். என்னத்துக்கு எனக்கிட்டக் கேக்கிய? மரத்த நடுங்க, எனக்கும் ரெண்டு கொத்துத் தாங்க. சாமிப் படம் உங்கட பாடு, எங்கட குசினியால மீன் வாசம் வந்தா என்னையக் கோவிக்கக் கூடாது, அவ்வளவுதான்.”

மாமி சுவரைக் கையால் தடவிப் பார்த்தார். அப்படி அவர் எங்கள் வீட்டில் எதையும் தடவிப் பார்த்ததை நான் கண்டதில்லை.

“மாசம் முடியிறதுக்குள்ள சொல்லுங்க,” என்றார் வீட்டுக்கார அம்மா. “வேற ஆக்களும் கேக்கிறாங்க.”

காரில் வரும்போது எனக்கு எங்கள் வீட்டு ஆணிகள் நினைவுக்கு வந்தன. அவர்கள் வந்த முதல் கிழமையில் மாமா கேட்டார்: “இந்தச் செவுத்துல ஒரு ஆணி அடிக்கலாமாம்மா?” இதையெல்லாம் கேட்க வேண்டுமா என்று சொன்னேன். அடுத்த ஆணிக்கும் கேட்டார். கலண்டருக்குக் கேட்டார், குடை மாட்டக் கேட்டார். கொஞ்ச காலத்தில் நான் பரீட்சைத்தாளிலிருந்து தலையை நிமிர்த்தாமலே “சரி மாமா” என்று சொல்லப் பழகிவிட்டேன். தோட்டத்தில் கூரை ஒழுகினால் ஒபிசில் சொல்ல வேண்டும். மரம் நட்டாலும், சொந்தக்காரர் வந்து தங்கினாலும் கேட்க வேண்டும். அங்கே ஒபிஸ் இருந்த இடத்தில் இங்கே நான் இருந்திருக்கிறேன். அப்படி நினைத்துக்கொண்டிருக்கும்போதுதான் பேராதனைப் பாலத்துக்கு முன்னால் கார் நின்றது. மாமா அந்தக் கேள்வியைக் கேட்டார். ஆணிக்குக் கேட்ட அதே குரல்.

அவர்கள் ஏன் போக நினைக்கிறார்கள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. தங்களுக்கென்று ஒரு கதவு வேண்டும் என்று இருக்கலாம். பிள்ளை தூக்கித் தூக்கி மாமியின் கைகள் களைத்திருக்கலாம். என்னிடம் ஏதோ பிடிக்காமல் இருக்கலாம். மாமியிடம் ஒருநாள் நேராகக் கேட்டேன்.

“இங்க உங்களுக்கு ஏதும் குறையா மாமி?”

“குறையா? நீ ராணி மாதிரி வச்சிருக்க,” என்றார். பிறகு மகளின் தலையை வாரத் தொடங்கினார்.

கணவரிடம் சொன்னேன். “பிள்ளையோட கஷ்டப்படப் போறது நீதான். நீ என்ன சொன்னாலும் எனக்குச் சரி,” என்றார். அவரும் என்னிடமே விட்டுவிட்டார்.

பாத்திரம் கழுவும்போது பதில்களைச் சொல்லிப் பார்க்கிறேன். “இருங்க” என்றால் இருந்துவிடுவார்கள். பிறகு ஒரு நாளும் அந்தக் குசினிக் குழாயைப் பற்றிப் பேச மாட்டார்கள். நான் சொன்னது பாசத்திலா, காலை பஸ்ஸை நினைத்தா என்று எனக்கே தெரியாமல் போகும். “போங்க” என்றால் அன்றைக்கே பெட்டிகளை இறக்குவார்கள், மருமகள் போகச் சொன்னாள் என்ற நினைப்போடு. கேள்வியைத் திருப்பிக் கொடுத்துப் பார்த்தேன்.

“உங்களுக்கு எது பிடிக்குதோ அதைச் செய்யுங்க மாமா. நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்.”

மாமா தலையாட்டினார். “சரிம்மா,” என்றார். “அப்ப நீ நல்லா யோசிச்சிட்டு ஒரு முடிவு சொல்லு.”

கறிவேப்பிலைக் கன்று இன்னும் அந்தக் கறுப்புப் பையில்தான் பின்வாசல் படியில் நிற்கிறது. மாமி காலையில் ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றுகிறார். வேர் பையின் ஓட்டை வழியாக வெளியே வந்துவிட்டது. நேற்று மாமா அதைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். “இத மண்ணுல வைக்கவாம்மா, இல்ல பையிலயே இருக்கட்டுமா?”

மாதம் முடிய அதிக நாள் இல்லை. இதை வாசிக்கிறவர்களில், வாழ்நாள் முழுக்கப் பிறரிடம் அனுமதி கேட்டே பழகிய பெற்றோரை, மாமன் மாமியை வீட்டில் வைத்திருப்பவர்கள் இருப்பீர்கள். அப்படி அனுமதி கேட்டே பழகியவர்களும் வாசிக்கக்கூடும். நான் எதைச் சொன்னாலும் உத்தரவாக எடுத்துக்கொள்கிறவர்களிடம், அவர்கள் மனதில் உள்ளதை எப்படிக் கேட்பது? அவர்கள் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிற நான் அதைக் கேட்கத் தகுந்த ஆள்தானா, அல்லது வேறு யாரையாவது கேட்கச் சொல்ல வேண்டுமா? உங்களுக்குத் தெரிந்ததை எழுதுங்கள். அதுவரை அந்தக் கன்றைப் பற்றியும் நான் ஒன்றும் சொல்லாமல் இருக்கிறேன்.