பாஸ்டர் பாப்பா

எங்கள் வீட்டுக்கு வந்த குழந்தையைப் 'பாஸ்டர் பாப்பா' என்று தெரு முழுக்கப் பரப்பியது நான்தான். அப்போது எனக்கு ஒன்பது வயது. திருநின்றவூரில் ஏரிப் பக்கம் வாடகை வீடு. குழந்தையைக் கொண்டுவந்து விட்ட குழந்தைகள் நல ஆபீஸ் அம்மா இங்கிலீஷில் பேசியதில் எனக்குப் பிடிபட்டது அந்த ஒரு சொல்தான். பெற்றவளால் பார்த்துக்கொள்ள முடியாத குழந்தையைக் கொஞ்ச காலம் வளர்த்துக் கொடுப்பதற்கு இங்கிலீஷில் 'ஃபாஸ்டர்' என்று பெயர், அது சர்ச் பாஸ்டர் இல்லை என்று எனக்கு யார் சொல்வது? பக்கத்து வீட்டு அத்தை என்னை மடக்கினாள்.

"எந்த சர்ச்சு பாஸ்டரு கொயந்தடி இது?"

"தெர்ல அத்தே. பெரிய சர்ச்சாத்தான் இருக்கும்."

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டுக்கு நான்கு கேக் வந்தது. முருகன் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டுத் தின்றோம்.

பாப்பாவுக்கு இரண்டு வயது. மூச்சுவிடுவதற்காகத் தொண்டையில் துளை போட்டு ஒரு சின்னக் குழாய் வைத்திருந்தார்கள். அதனால் குரல் வராது. சத்தமில்லாமல் அழுவாள், சத்தமில்லாமல் சிரிப்பாள். யாராவது வேண்டுமென்றால் நாக்கைச் சொடுக்குவாள். அம்மா, அப்பா, நான் மூன்று பேரும் விழுந்தடித்துக்கொண்டு ஓடுவோம்.

குழாயில் சளி சேர்ந்தால் மெஷின் வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். தாமதித்தால் மூச்சு அடைத்துவிடும். அம்மா கல்யாணத்துக்கு முன்பு நர்ஸாக இருந்தவள். அதனால்தான் பாப்பாவை எங்களிடம் நம்பிக் கொடுத்தார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் நாளெல்லாம் இரும்பு கடையும் அப்பா, மெஷினைப் போட்டதும் செருப்பை மாட்டிக்கொண்டு பால் வாங்கக் கிளம்பிவிடுவார். எங்கள் வீட்டில் பாலுக்குப் பஞ்சமே இருந்ததில்லை.

எனக்கும் ஒரு உத்தியோகம் இருந்தது. அம்மா உறிஞ்சும்போது நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு விரல்விட்டு எண்ண வேண்டும். பத்துக்குள் வேலை முடிந்தாக வேண்டும். "உனக்கு முட்டுச்சுன்னா அவளுக்கும் முட்டும்" என்பாள் அம்மா.

ஞாயிறுதோறும் ஒரு அக்கா ரயிலேறி வருவாள். பாப்பாவைப் பெற்றவள். இருபது வயது இருந்தால் அதிகம். புருஷன் தவறிவிட்டான், கம்பெனி ஹாஸ்டலில் தங்கி வேலை செய்தாள். ஞாயிற்றுக்கிழமையில் மட்டும் வந்து போனதால் பாஸ்டரின் மனைவி என்று தெருவில் அவளுக்கு ஏக மரியாதை.

அம்மா அவளுக்கு மெஷின் பழக்கினாள். அவளோ, "பயமா கீதுக்கா, நீங்களே செஞ்சிடுங்க" என்று பின்வாங்குவாள். எனக்கு டீச்சராகும் ஆசை தலைக்கேறியது. என் பொம்மையின் கழுத்தில் ஸ்ட்ரா செருகிப் பாடம் நடத்தினேன். கையைக் கழுவு. உள்ளே விடும்போது உறிஞ்சாதே. திருப்பிக்கொண்டே வெளியே இழு. தப்பு செய்தால் இம்போசிஷன் கூட உண்டு. பாவம், அதையும் எழுதிக்கொண்டு வந்தாள்.

ஒரு ஞாயிறு அந்த ஆபீஸ் அம்மாவும் வந்து உட்கார்ந்திருந்தார். இட்லி ஊட்டிக்கொண்டிருந்தபோது பாப்பா இருமினாள். குழாய் கரகரத்தது, முகம் சிவந்து உதடு கறுத்தது. அப்பா பால் வாங்கப் போய்விட்டார். அம்மாவோ பக்கத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. அக்கா எழுந்து கையைக் கழுவினாள், மெஷினைப் போட்டாள். நான் மூச்சைப் பிடித்தேன். ஆறாவது விரலிலேயே வேலை முடிந்துவிட்டது. பாப்பா நன்றாக மூச்சை இழுத்துவிட்டு, பெற்றவளைப் பார்த்து நாக்கைச் சொடுக்கினாள். அதுவரை எங்களை மட்டும்தான் அப்படிக் கூப்பிட்டிருக்கிறாள்.

"பாஸு! பாஸு!" என்று குதித்தேன். ஆபீஸ் அம்மா சிரித்துக்கொண்டே எதையோ எழுதிக்கொண்டார். அக்கா பாப்பாவை அணைத்துக்கொண்டு அழுதாள். ஏற்கெனவே நின்றிருந்த மெஷினை அம்மா மறுபடி ஒருமுறை அணைத்தாள்.

"நான்தாம்மா அக்காவுக்குச் சொல்லிக் குடுத்தேன்" என்று அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தேன்.

"ஆமாண்டி, நீதான்" என்றாள்.

அக்கா பாஸானால் பாப்பாவை அவளோடு அனுப்பிவிடுவார்கள் என்பது அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியாது. அன்றைக்கு எனக்கிருந்த பெருமைக்கு அளவே இல்லை. ஸ்டேஷன் வரை கூடவே போய், இன்னும் ஒரு பாடம் பாக்கி இருக்கிறது, அடுத்த ஞாயிறு சீக்கிரம் வா என்று அக்காவை அதட்டி ரயிலேற்றிவிட்டு வந்தேன்.